பட்டை உரிக்காத கொம்பு

கொய்யாவா நாவலா என்பது இன்னும் தீர்மானம் ஆகவில்லை. செங்கோட்டை ரோட்டில் முப்பிடாதி நடத்துகிற நர்சரியின் பின்புறம், தோப்புகளில் கழித்துக்கொண்டு வந்த கிளைகள் ஓர் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தன. அதன் முன்னால் உலகம்மாள் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றாள். சித்திரை வெயில் பத்து மணிக்கே பிடரியில் ஏறி உட்கார்ந்துவிட்டது. கையில் புருஷன் எழுதிக் கொடுத்த சீட்டு. கூகைக் கூண்டுக்குக் கொம்பு மூன்று தடிமனில் வேண்டும், கட்டைவிரல் அளவு, மணிக்கட்டு அளவு, அதற்கும் மேலே ஒன்று. பட்டையோடு இருக்க வேண்டும். பட்டையோடு என்பதற்குக் கீழே இரண்டு கோடு. எதற்கு இரண்டு, ஒன்று போட்டால் விளங்காதா, யார் இங்கே எட்டாங்கிளாஸ் ஃபெயில்? முப்பது வருஷம் மாட்டாஸ்பத்திரியில் கிறுக்கின கிறுக்கலில் உங்கள் எழுத்து மாட்டுக்குத்தான் விளங்கும் என்று எப்போதும் சொல்லுவாள், இன்றைக்குச் சொல்லவில்லை. டாக்டர் திருமலைக்குமார் ரோட்டோரத்து வாகை நிழலில் மாருதியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கிவிட்டு, ஸ்டியரிங்கில் கையைப் போட்டபடி உட்கார்ந்திருக்கிறார். இறங்க மாட்டார். நீயே பார்த்து எடு, எனக்கு ராசி இல்லை என்றார். ராசியாம், படித்த மனுஷன் பேசுகிற பேச்சு. நேற்று வனத்துறை ரேஞ்சர் ஜெபராணி வந்து, இடித்த அரிசி ஆலையின் மச்சிலிருந்து இரண்டு கூகை எடுத்திருக்கிறோம் சார், ஒன்றுக்குக் கால் முறிந்திருக்கிறது, நாளைக்கு மத்தியானம் கொண்டு வரட்டுமா என்று கேட்டபோது, வீட்டுப் பின்பக்கம் எட்டு மாதமாகக் காலியாகக் கிடக்கிற வலைக்கூண்டைக் காட்டினார். கூண்டு தருகிறேன், தீனி போடுகிறேன், ஊசியும் கத்தியும் மட்டும் என்னிடம் கேட்காதீர்கள் என்றார். காலுக்குக் கம்பி வைக்க மதுரை வரை ஆள் கிடையாது, இந்த வெயிலில் ஜீப்பில் போனால் அது உயிரோடு போய்ச் சேராது, சார் ஒரு தடவை பார்த்தால் போதும் என்று அந்தப் பெண் நின்றுகொண்டே இருந்தாள். அவர் இரண்டு கையையும் மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டார். சாப்பாட்டுக்குக் கூப்பிட்ட பிள்ளை, கழுவாத கையை மறைக்கிற மாதிரி. அறுபத்தொரு வயது ஆள்.

கொய்யா வேண்டாம். தொட்டால் மழமழவென்று இருக்கிறது, மழமழப்பு ஆகாது, அது தெரிந்துகொள்ள ஒரு உயிர் போக வேண்டியிருந்தது, இல்லை, அதனால் போகவில்லை, அதனால் புண்தான் வந்தது. அதையும் இதையும் குழப்பாதே. முதல் கூகை வந்த ஆனி மாதம் இதே மாதிரி ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார், பட்டையோடு கொம்பு என்று, அப்போது கோடு போடவில்லை. அவள் ஆசாரியைக் கூப்பிட்டு, திரைச்சீலை மாட்டுகிற கம்பு மாதிரி நாலு உருண்டைக் கட்டை இழைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இரண்டு கை வார்னிஷ் அடித்து வைத்தாள். எறும்பும் செதிலுமாக விறகை யாராவது வீட்டில் மாட்டுவார்களா? அவர் பார்த்துவிட்டுச் சிரித்தார், உலகா, கூகைக்குக் கான்வென்ட் பெஞ்சு போட்டிருக்கே என்று. மூன்று வாரத்தில் பறவையின் உள்ளங்கால் வீங்கிப் புண்ணாயிற்று. எல்லாக் கட்டையும் ஒரே தடிமன், எங்கே உட்கார்ந்தாலும் பாதத்தில் ஒரே இடம் அழுந்தும், செருப்பு கடிக்கிற மாதிரிதான் என்று விளக்கினார். விளங்கியது. தானே கட்டைகளைக் கழற்றிப் போட்டுவிட்டு, பட்டையோடு வேப்பங்கொம்பு நட்டார். அந்தத் தப்பு ஊருக்கே தெரியும், சம்பந்தி வீட்டில்கூடச் சொல்லிச் சிரித்தாயிற்று, அவளும் சேர்ந்து சிரித்தாள். தெரிந்த தப்பில் ஒரு சௌகரியம் இருக்கிறது, அதன் முதுகுக்குப் பின்னால் இன்னொன்று நின்றுகொள்ளலாம்.

நாவல் கொம்பை இழுத்தாள், சொரசொரவென்று உள்ளங்கையில் உராய்ந்தது, நல்லது, இது சரி. மணிக்கட்டு அளவுக்குத் தன் மணிக்கட்டையே வைத்துப் பார்த்தாள். வளையல் இடித்தது. இந்தப் பட்டையின் இடுக்கில் எவ்வளவு அழுக்கு சேரும், எச்சம் வழிந்து சுண்ணாம்பாகக் காயும், சுரண்டினாலும் போகாது. பாளையங்கோட்டை போர்டிங்கில் சனிக்கிழமை தோறும் சிஸ்டர் எமெரென்சியா வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து ஜன்னல் கம்பியில் ஒரு இழுப்பு இழுப்பார். கைக்குட்டை கறுத்தால் டார்மிட்டரி முழுக்க முட்டி போட வேண்டும், முப்பத்திரண்டு பெண்கள், ஒருத்தி கம்பிக்காக. எந்த ஒருத்தி என்று சிஸ்டர் கேட்கவே மாட்டார், அவளே எழுந்து சொல்லட்டும் என்று காத்திருப்பார். கால் மரத்துப்போகும், யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். ஒரு தடவை அது அவளுடைய கம்பியாகவே இருந்தது. எழுந்திருக்கவில்லை. ஆஞ்சலா என்று ஒரு ஒல்லிப் பெண் மயங்கி விழுந்தாள், அதோடு எல்லாரையும் எழச் சொல்லிவிட்டார்கள். வராந்தாவில் கறுப்புப் பினாயில் வாசனை. தண்ணீரில் விட்டால் பாலாகத் திரியும், அந்த வாசனை வந்தால் பிஷப் வருகிறார் என்று அர்த்தம், சாமி இருக்கிற இடமெல்லாம் பினாயில் மணக்கும் என்று ரொம்ப நாள் நம்பியிருந்தாள், இலஞ்சி முருகன் கோயிலில் மட்டும் ஏன் மணக்கவில்லை என்று அம்மாவிடம் கேட்டு அடி வாங்கினாள். சரி, போதும், வந்த வேலையைப் பார். நாவலில் நாலு, வேம்பில் இரண்டு, தடித்ததுக்குப் புளி.

செடி பார்ப்பமா டாக்டரம்மா என்று முப்பிடாதி வந்தாள். நர்சரிக்கு அவள்தான் முதலாளி, அவள்தான் கூலி. பேச ஆரம்பித்தால் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்ட மாதிரி. அரளி அடுக்காகப் பூத்திருக்கு, அஞ்சு நிறம் இருக்கு என்றாள். சீட்டில் அரளி கூடாது என்றிருந்தது, விஷம். நந்தியாவட்டை பால் வடியும். குரோட்டன்ஸும் அப்படியே. காகிதப்பூவில் முள், சிறகு கிழியும். அப்படின்னா ஆந்தைக்கு ரோசாப்பூ மெத்தைதான் போடணும், எம் மருமவளுக்குக்கூட இம்புட்டுப் பாக்கலை என்று முப்பிடாதி சொன்னதற்கு, உன் மருமகள் பேசுவாள், இது பேசாது, அதனால்தான் பார்க்க வேண்டியிருக்கிறது என்று உலகம்மாள் வெடுக்கென்று சொன்னாள். சொன்ன பிறகு அந்த வார்த்தை அவளிடமே திரும்பி வந்தது. பேசாது. பேசியிருந்தால். நொச்சி பத்து தொட்டி எடுத்தாள், ஒளிந்துகொள்ள அடர்த்தி வேண்டும், பகலில் அதற்குத் தூங்க நிழல் வேண்டும். வெட்டிவேர் ஓரத்துக்கு. செம்பருத்தி நாலு. அப்புறம், சீட்டில் இல்லாத ஒன்றை, குரலைத் தாழ்த்திக் கேட்டாள். சீக்கிரமாக உயரமாக வளருகிற மாதிரி என்ன இருக்கிறது, ஒரு ஜன்னலை மறைக்க வேண்டும். எந்த சன்னல் என்றாள் முப்பிடாதி. அடுப்படி ஜன்னல். அடுப்படிக்கு வெளிச்சம் வேண்டாமா? வேண்டாம்.

வெளிச்சம் இருக்கிறதால்தானே எல்லாம். கூண்டு அடுப்படி ஜன்னலுக்கு நேர் எதிரே. அறுத்து வைத்த ஆப்பிள் பாதி மாதிரி முதல் கூகையின் முகம், வெள்ளையாக, நடுவில் இரண்டு கறுப்பு விதை. லாரிக் கண்ணாடியில் அடிபட்டு ஒரு பக்க இறக்கை பாதிதான், பறக்க முடியாது, காட்டில் விட முடியாது, அதனால் உட்கார்ந்துகொண்டு அவளைப் பார்க்கும். மிக்ஸியண்டை போனால் முகம் மிக்ஸியண்டை வரும், குழாயண்டை வந்தால் குழாயண்டை வரும், உடம்பு அசையாது. கழுத்து மட்டும் எண்ணெய் போட்ட மாதிரி. பெயர் வைக்கக் கூடாது, அது வளர்ப்புப் பிராணி இல்லை என்று அவர் சட்டம். எதிர்வீட்டுக்காரி சாக்குருவியை வீட்டில் வைத்திருக்கிறாயே என்று வந்தபோது, உங்கள் மாமியாரை வைத்திருக்கிறீர்களே, நாங்கள் கேட்டோமா என்று அனுப்பிவைத்தவள் உலகம்மாள். பேய் பிசாசு அவளிடம் நடக்காது. ஆனால் எட்டு மாதமாக, காய் நறுக்கும்போது முதுகில் தெரியும், அது முகத்தைத் திருப்பிவிட்டது என்று. திரும்பிப் பார்த்தால் வலை, வலைக்குப் பின்னால் வேப்பங்கொம்பு, கொம்பில் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாததுதான் பார்க்கிறது. இப்போது இரண்டு வரப்போகின்றன. நாலு கண்.

அது ஆடிக் கடைசி, ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் வனத்துறையிலிருந்து பெரிய அதிகாரி கூண்டைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அவர் கடையத்துக்கு ஒரு சாவுக்குத் துட்டி கேட்கப் போயிருந்தார். கொம்பெல்லாம் எச்சம் வழிந்து வெள்ளைக் கோடு கோடாக நின்றது, வெந்நீர் மட்டும் போதும் என்று அவர் சொல்லியிருந்தார், வெந்நீருக்கு அது போகவில்லை. யாரோ ஒருவர் வெள்ளைக் கைக்குட்டையோடு வரப்போகிறார் என்று அவள் கைக்குத் தோன்றிவிட்டது, புத்திக்குக்கூட இல்லை, கைக்கு. கறுப்புப் பினாயிலைத் தண்ணீர் கலக்காமல் அப்படியே துணியில் ஊற்றி, பட்டை இடுக்கில் பிரஷ்ஷை விட்டுத் தேய்த்தாள். மரம் குடித்தது. ஊற்ற ஊற்றக் குடித்தது. நல்ல வாசனை, சுத்தம் என்றால் அதுதான் என்று நினைத்தாள். பறவையை மறுபடி கொம்பில் ஏற்றிவிட்டாள். அன்றைக்கு மத்தியானம் முழுக்க அது ஒரு காலைத் தூக்கும், வைக்கும், அடுத்ததைத் தூக்கும், வைக்கும். கோயில் வெளிப்பிராகாரத்தில் வெயிலில் மாட்டிக்கொண்டவர்கள் நடக்கிற மாதிரி. பாதத்தில் புண் இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் சிரித்தாள். ஆட்டத்தைப் பாரு என்று அதனிடமே சொன்னாள். சொன்னாள்தானே? சொன்னாள். அது அவளையே பார்த்துக்கொண்டு ஆடியது. மூன்றாம் நாள் காலையில் அவர் வலிக்கு ஊசி போட்டார், மத்தியானம் வாயைத் திறந்துகொண்டு மூச்சு வாங்கியது, அவர் கையிலேயே போயிற்று. மருந்துக் கணக்கில் தசமப் புள்ளி ஒரு இடம் தள்ளிப் போய்விட்டது, மாட்டுக்கு ஊசி போட்ட கை, கிராம் கணக்குப் பிடிபடவில்லை என்று அவர் சொன்னார். அவர் சொன்னதை அவளும் நம்பினாள். அது வரைக்கும் பொய் இல்லை.

ஐப்பசியில்தான். மழைக்கு அலமாரியைத் துடைக்கும்போது அவருடைய தடிப் புத்தகம் ஒன்று விழுந்து திறந்துகொண்டது, பறவை வைத்தியம், எடுத்து வைக்காமல் படித்தாள், இங்கிலீஷ் படிக்க வைத்த கான்வென்ட்டின் தயவு. பினாயில் வகையறா பறவைக்கு ஆகாது, தோல் வழியாக ஏறும், மூச்சு வழியாக ஏறும், புண் இருந்தால் சொல்லவே வேண்டாம். பூனைக்கு ஆகாது என்று அவர் முன்பு எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது, பூனைதானே என்று விட்டிருந்தாள். புத்தகத்தை அலமாரியில் வைத்தாள். மேல்தட்டில், பின்வரிசையில். அன்று ராத்திரி சாப்பிடும்போது சொல்லியிருக்கலாம். ரசம் ஊற்றுகிறபோது வாய் திறந்தது, ரசத்தில் உப்பு சரியாக இருக்கா என்று கேட்டு மூடிக்கொண்டது. அவர் டைரியின் பின்பக்கத்தில் அந்தக் கணக்கை மறுபடி மறுபடி போடுகிறார், எடை இத்தனை, மருந்து இத்தனை. ஒவ்வொரு தடவையும் விடை சரியாக வருகிறது. சரியாக வருவதுதான் அவரைத் தின்கிறது, எங்கே தப்பு என்று தெரியாத தப்பு. அவள் பார்க்காத மாதிரி காப்பியை வைத்துவிட்டுப் போவாள். தை மாதம் சண்முகக்கனி விடியற்காலையில் ஓடி வந்தான். மாடு கன்று போட முடியாமல் கிடக்குது, காலு மடங்கியிருக்கு, சார் வந்து கையை விட்டுத் திருப்பினாப் போதும் என்றான். முப்பது வருஷம் தூக்கத்திலேயே செய்த வேலை. அவர் வாசலில் நின்றுகொண்டு, நான் இப்பம் பாக்கிறது இல்ல என்றார். அவள் பின்னால் நின்றாள், நாக்கு நுனியில் இருந்தது, முழு வாக்கியமாக, இலக்கணச் சுத்தமாக இருந்தது. கன்று உள்ளேயே செத்தது. சண்முகக்கனி இன்றைக்கும் வணக்கம் வைக்கிறான், அதுதான் தாங்கவில்லை.

இது போதுமாம்மா, மூங்கில், ஆறு மாசத்தில் சன்னலைப் பொத்திரும் என்று முப்பிடாதி ஒரு பையை நீட்டினாள். ஆறு மாதமா? அதற்குள் அது எவ்வளவு பார்த்துவிடும். மூங்கிலுக்கு இலை அசையும், அசைகிற இடுக்கில் தெரியும், தெரிந்து தெரிந்து மறைவது இன்னும் மோசம். சுவரே எழுப்பினாலும் ஆகாது என்று ஒரு பக்கத்து மனசு சொல்லியது, மறுபக்கம் மூங்கிலுக்குத் தண்ணி நிறைய வேண்டுமா என்று வாயால் கேட்டுக்கொண்டிருந்தது. சத்தம் கேட்டு அவர் வந்துவிட்டார். இறங்க மாட்டேன் என்றவர், கொம்பு காரில் அடங்குமா என்று பார்க்க இறங்கியிருக்கிறார். ஒவ்வொன்றையும் விரலால் சுற்றிப் பிடித்துப் பார்த்தார், பட்டையை நகத்தால் கீறிப் பார்த்தார். நல்லா பாத்து எடுத்திருக்கே உலகா என்றார். திட்டியிருக்கலாம். எதற்கு இவ்வளவு என்று கேட்டிருக்கலாம். நாலு நொச்சியைத் தானே தூக்கிக்கொண்டு காருக்கு நடந்தார், அவள் செம்பருத்தியோடு பின்னால் போனாள். டிக்கியைத் திறக்கும்போது போன் அடித்தது. ஜெபராணி. கால் முறிந்த கூகை காலையிலிருந்து தீனி எடுக்கவில்லையாம், தலையைத் தொங்கப் போட்டிருக்கிறதாம், என்ன சார் செய்ய. போனில் அந்தப் பெண்ணின் குரல் வெளியே வரைக்கும் கேட்டது. அவர் வாகை மரத்தைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"மதுரைக்கே கொண்டு போயிருங்கம்மா. என்னைய நம்பாதீங்க. என் கணக்கு தப்பிரும்."

"உங்க கணக்கு தப்பல," என்றாள் உலகம்மாள்.

அவர் போனைக் காதிலிருந்து எடுக்காமல் திரும்பினார். அவள் செம்பருத்தித் தொட்டியைக் கீழே வைக்கவில்லை.

"நான் பினாயில் ஊத்தித் தேச்சேன். கொம்பு அம்புட்டையும். நீங்க கடையத்துக்குப் போயிருந்த அன்னைக்கு."

லாரி ஒன்று போயிற்று.

"கறுப்பா, வெள்ளையா?"

"கறுப்பு."

"தண்ணி கலந்தியா?"

"இல்ல."

கத்துவார் என்று நினைத்தாள். கத்தினால் பதில் கத்தலாம், அதில் அவளுக்குப் பழக்கம் இருந்தது. அவர் டிஸ்பென்சரியில் மாட்டுக்காரனிடம் கேட்கிற குரலில் கேட்டார், என்ன தின்றது, எப்போது தின்றது என்கிற குரல். "தப்புன்னு எப்பம் தெரிஞ்சுது உனக்கு?"

இப்போதுதான் என்று சொல்லலாம். ஜெபராணி சொல்லித் தெரிந்தது என்று சொல்லலாம். பாதி எழுந்து பாதி முட்டி போட்டுக்கொள்ளலாம்.

"ஐப்பசியில."

அவர் உதடு மாதங்களை எண்ணியது, கார்த்திகை, மார்கழி, தை. தையில் நின்றது. சண்முகக்கனி என்று அவர் சொல்லவில்லை, சொல்ல வேண்டியிருக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு, போனில், ஜெபராணி இருக்கியாம்மா என்றார். இருந்தாள், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு. மதுரைக்கு வேண்டாம், வீட்டுக்குக் கொண்டா. காலை என்னத்த வச்சுக் கட்டியிருக்கே? பிளாஸ்திரியா, யாரு ஒட்டச் சொன்னா, அவுக்காத, நான் வந்து அவுக்கேன். தலையில துணியைப் போடு, அட்டைப்பெட்டியில வை, வாயில தண்ணி ஊத்தித் தொலைக்காத. எட்டு மாதமாகக் கேட்காத குரல், விறுவிறுவென்று, கொஞ்சம் அதட்டலாக. அது தனக்கு இல்லை என்று உலகம்மாளுக்குத் தெரிந்தது. பின்சீட்டில் தொட்டிகளை அடுக்கினார். புளியங்கொம்பு நீளம், பின்னாலிருந்து முன்சீட்டுக்கு நீட்டிச் சாய்த்தார், அதன் நுனி அவள் உட்காருகிற இடத்தில் வந்து உட்கார்ந்தது. கதவை மெதுவாகச் சாத்தினார். அறைந்து சாத்தியிருக்கலாம். போய்விட்டார்.

சார்வாள் உங்களை விட்டுட்டுப் போறாவளே என்றாள் முப்பிடாதி. போகட்டும், அவசரம் என்றாள். மூங்கில் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தாள். மினிபஸ் வருவதற்கு இருபது நிமிஷம் ஆயிற்று, பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தாள், உட்கார இடம் இருந்தது. கம்பி வைக்க ஒருவர் போதாது, பறவையின் தலையையும் காலையும் ஒருவர் பிடிக்க வேண்டும், இறுக்கினால் மூச்சு முட்டும், தளர்த்தினால் நகம் போடும், அந்தப் பிடி அவளுக்குத்தான் தெரியும், முதல் கூகைக்கு அவள்தான் பிடித்தாள். இன்று ஜெபராணி பிடிப்பாள். படித்த பெண், பழகிவிடும். சோறு வடிக்காமல் வந்தாயிற்று. நடந்தால்கூட இவ்வளவு நேரம் ஆகாது, இந்த டிரைவர் ஒவ்வொரு மாட்டுக்கும் பிரேக் போடுகிறான். வீட்டில் இனிமேல் அதைத் தெரிந்துகொண்ட ஆள் ஒருவர் இருப்பார், எதிரே உட்கார்ந்து சாப்பிடுவார், குழம்பை இந்தப் பக்கம் தள்ளு என்பார், அல்லது சொல்ல மாட்டார். எதிரே ஒரு நாற்காலி, அதில் தெரிந்த கண். இறங்கும்போது செருப்பு வார் அறுந்தது, கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள், தார் சுட்டது. வாசலில் ஜீப் நின்றது.

சாப்பாட்டு மேஜையில் வெள்ளைத் துணி விரித்திருந்தது. மேஜை விளக்கு போட்டிருந்தது. முழங்கை வரைக்கும் ஈரக் கையோடு அவர் நின்றார், ஊசிகள் தட்டில் வரிசையாக இருந்தன. ஜெபராணி அட்டைப்பெட்டியை அணைத்துக்கொண்டு சுவரோரமாக, தலையை நிமிர்த்தாமல் நின்றாள். எல்லாம் தயாராகி ரொம்ப நேரம் ஆனது தெரிந்தது, தட்டில் பஞ்சு காய்ந்துபோயிருந்தது. உலகம்மாள் நிலைப்படியில் நின்றாள். அவர் ஊசிகளைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"கையைக் கழுவிட்டு வா. வெறுந்தண்ணியில."

பின்பக்கக் குழாயடிக்குப் போனாள். திறந்துவிட்டு, விரல் இடுக்கெல்லாம் விட்டு, நகத்துக்கு அடியில் விட்டு, ரொம்ப நேரம் கழுவினாள். உள்ளேயிருந்து அவர் மறுபடி கூப்பிடவில்லை. ஜெபராணியைப் பிடிக்கச் சொல்லவும் இல்லை.